அறுபதுக்குப் பிறகு உடல் நெருக்கமும் ஆன்மிகமும்: ஒன்று மற்றொன்றுக்குத் தடையா?

அறுபத்திரண்டு வயதான ஒரு பெண்மணியின் கேள்விக்கு இங்கே விடை எழுதுகிறேன். அவருடைய கணவருக்கு அறுபத்தேழு வயது. பணி ஓய்வுக்குப் பிறகு சொற்பொழிவுகளிலும் விரதங்களிலும் ஈடுபட்டுத் தனி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டுவிட்டார். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? போகிற வழிக்குப் புண்ணியம் தேடு" என்று மனைவியிடம் சொல்கிறார். மனைவிக்கோ உடல் நெருக்கத்தில் நாட்டம் இன்னும் இருக்கிறது. அது ஆன்மிக வளர்ச்சிக்குத் தடையா, தன்னிடம் ஏதேனும் குறையா என்பது அவருடைய கேள்வி. கணவரை இழந்த தம் தமக்கையைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்களிடம் குறை எதுவும் இல்லை. உங்கள் நாட்டம் ஆன்மிகத்துக்குத் தடையும் இல்லை. உங்கள் கணவர் தவறு செய்கிறார் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. அவர் விட்டது உண்மையான துறவினாலா, வேறு காரணத்தாலா என்பது உங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாமல் இருக்கலாம். பதில் நீள்வதற்குக் காரணம் அதுதான்.

வயது ஏறினால் காமம் தானாக வற்றிவிடும், வற்றாவிட்டால் அது பக்குவமின்மை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையிலான மூவாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளிவந்தது. 57 முதல் 64 வயதுக்குள் இருந்தோரில் 73 விழுக்காட்டினரும், 65 முதல் 74 வரையில் இருந்தோரில் 53 விழுக்காட்டினரும், 75க்கு மேற்பட்டோரில் 26 விழுக்காட்டினரும் முந்தைய ஓராண்டில் உடலுறவு வாழ்க்கை உடையவர்களாக இருந்தனர். நம் ஊரில் அதே எண்கள் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அறுபத்திரண்டு வயது உடலில் ஆசை இருப்பது விந்தை ஒன்றும் இல்லை என்பதை அறிய இது போதும்.

நம் வீடுகளின் முரண்பாட்டைப் பார்க்கத் திருக்கடையூருக்குப் போகவேண்டும். அறுபது நிறைந்தவருக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதை ஒட்டிச் சதாபிஷேகம் என்று அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதியில் நாள்தோறும் முதிய தம்பதியர் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகள் சூழ்ந்து நின்று கேலி செய்ய, மறுபடியும் தாலி கட்டப்படுகிறது. திருமணத்தை இரண்டாவது முறை இவ்வளவு ஆரவாரத்தோடு கொண்டாடிவிட்டு, வீடு திரும்பிய மறுவாரமே அப்பா மூத்தவன் வீட்டுக்கு, அம்மா இளையவன் வீட்டுக்கு என்று பங்கு பிரிக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஒரே வீட்டில் இருந்தாலும் பாட்டியின் பக்கத்தில் பேத்தி படுப்பாள், தாத்தாவுக்குக் கூடத்துக் கட்டில். கதவில் தாழ்ப்பாள் இருந்தாலும் போட்டுக்கொள்ளக் கூச்சம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பிள்ளைகள். பிறகு அதற்குப் பக்குவம் என்று பெயர் சூட்டிக்கொள்பவர்கள் பெற்றோர்.

சாத்திரம் என்ன சொல்கிறது என்று கணவர் கேட்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்துவிடுவோம். தோலில் திரையும் தலையில் நரையும் விழுந்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் இல்லறத்தான் வனத்துக்குப் போகலாம் என்று மனுநூலின் ஆறாம் அத்தியாயம் விதிக்கிறது. மனைவியை மகன்களிடம் விட்டுச் செல்லலாம், அல்லது உடன் அழைத்துச் செல்லலாம் என்று இரு வழிகளையும் அதே இடத்தில் தருகிறது. இளமையில் காமம், முதுமையில் அறமும் வீடுபேறும் என்று காமசூத்திரமும் வயதைப் பங்கிடுகிறது. ஆனால் ஆயுள் நிலையற்றது, ஆகவே எது எப்போது வாய்க்கிறதோ அதை அப்போது மேற்கொள்ளலாம் என்று அடுத்த வரியிலேயே அந்தப் பங்கீட்டைத் தளர்த்திவிடுகிறது. வள்ளுவர் 250 குறள்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கினார். வீடுபேற்றுக்கு வீட்டுப்பால் என்று தனியாக எதையும் பாடவில்லை. 1330ஆம் குறள், ஊடலுக்குப் பின் வரும் முயக்கத்தின் இன்பத்தோடு நூலை முடிக்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பொருத்தமாகத் தோன்றுவது தொல்காப்பியம். காமம் நிறைவுற்ற கடைசிக் காலத்தில், பிள்ளைகளோடும் அறம்புரியும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் மேலானதைப் பழகிவருவதே அதுவரை வாழ்ந்த வாழ்க்கையின் பயன் என்று கற்பியலில் ஒரு நூற்பா இருக்கிறது. அங்கே காமம் நிறைந்து முடிகிறது. வெட்டி எறியப்படவில்லை. மேலானதைப் பழகுவோர் இருவர். ஒருவர் மற்றவரைக் கூடத்தில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பழகுவதாகவும் இல்லை. உங்கள் கணவருக்கு ஒன்றைப் படித்துக் காட்ட விரும்பினால் இந்த நான்கு அடிகளைக் காட்டுங்கள்.

சைவ ஈடுபாடு உடையவராக அவர் இருந்தால் திருநீலகண்ட நாயனாரை எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடும். பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடும் அடியவர்களில், முதுமையும் புலனடக்கமும் ஒருங்கே வரும் வரலாறு அவருடையது. தில்லையில் மண்கலம் வனையும் அந்தக் குயவனார் இளமையில் பரத்தை ஒருத்தியிடம் சென்று வந்தார். மனைவி வீட்டுப் பணிகள் அனைத்தையும் குறைவின்றிச் செய்தார். உடலுறவுக்கு மட்டும் இசையவில்லை. கணவர் நெருங்கியபோது, தீண்டினால் திருநீலகண்டம் என்று ஆணையிட்டார். தம் இறைவனின் பெயரில் இடப்பட்ட ஆணையைக் கேட்ட கணவர், இவரை மட்டுமன்று, வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். இருவரும் ஒரே வீட்டில், அயலார் அறியாதபடி, தொடாமலே வாழ்ந்து மூப்படைந்தார்கள்.

பிறகு சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்து வைத்து, அதை மறையச் செய்து, திரும்பக் கேட்டு வழக்காடுகிறான். மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறான். கையைப் பிடிக்க இயலாத இருவரும் மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். கையைத்தான் பிடிக்கவேண்டும் என்று யோகி விடாப்பிடியாக நிற்கிறான். அப்போதுதான் நாயனார் அத்தனை ஆண்டுகளாக மறைத்துவைத்திருந்ததை ஊரார் அனைவரும் கேட்கச் சொல்கிறார். சொல்லி மூழ்குகிறார்கள், எழும்போது இருவரும் இளமையோடு எழுகிறார்கள். புலன்களை வென்றவர்களே, இந்த இளமை நீங்காமல் நம்மிடம் இருங்கள் என்று இறைவன் அருள்கிறான். சிதம்பரத்தில் அந்தக் குளத்தின் கரையில் உள்ள கோயிலுக்கு இளமையாக்கினார் கோயில் என்றே பெயர்.

இதைப் புலனடக்கத்தின் பெருமையாக மட்டுமே படிப்பது வழக்கம். சேக்கிழாரும் அந்தப் பெருமையைத்தான் முதலில் வைக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேறு சிலவும் கண்ணில் படுகின்றன. அந்த விலகல் வைராக்கியத்தில் தொடங்கவில்லை. கணவரின் துரோகத்தால் புண்பட்ட ஒரு பெண்ணின் கோபத்தில் தொடங்கியது. காலமெல்லாம் அதை இருவரும் வெளியே சொல்லவே இல்லை. வாய்திறந்து சொன்னபின்தான் குளத்தில் மூழ்க முடிந்தது. கடைசியில் கிடைத்த வரமோ உடலற்ற நிலை ஆகவில்லை, இருவருக்கும் சேர்த்து இளமையாக வந்தது. சைவ ஆசிரியர்கள் எல்லோரும் இந்த வாசிப்பை ஏற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் பழைய மனக்காயம் ஏதேனும் பேசப்படாமல் கிடக்கிறதா? மாமியார் காலத்துச் சண்டையாகவோ, அவர் ஒரு நாள் உங்களிடம் நெருங்கியபோது நீங்கள் களைப்பில் சொன்ன சுடுசொல்லாகவோ, அவர் மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் ஒன்றாகவோ அது இருக்கலாம். துறவு என்ற பெயரில் வரும் விலகலுக்கு இப்படி ஒரு வேர் இருந்தால், எத்தனை ஜபம் செய்தாலும் அது அவிழாது.

காந்தியடிகள் 1906இல் பிரமச்சரிய விரதம் பூண்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது. விரதம் எடுக்கும் நேரத்தில்தான் கஸ்தூர்பாவிடம் சொன்னதாகவும், அவர் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றும் தன் வரலாற்றில் எழுதுகிறார். மறுப்பு இல்லை என்பதும் விருப்பம் என்பதும் ஒன்றா என்று கஸ்தூர்பாவைக் கேட்டவர் யாரும் இல்லை. அதே நூலில், ஐம்பத்தாறு வயதைக் கடந்த பிறகும் அந்த விரதம் எவ்வளவு கடினம் என்பதை உணர்வதாக அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். வயதாகிவிட்டதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று அவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

இனி, சொற்பொழிவு மேடைகளில் யாரும் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். அறுபத்தேழு வயது ஆண் தனி அறைக்குப் போவதற்குப் பல வேளைகளில் உடல்தான் காரணமாக இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வில், 40 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு விறைப்புத் தன்மையில் ஓரளவேனும் குறைபாடு இருந்தது. நீரிழிவு நரம்புகளையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிப்பதாலும் இது நேர்கிறது. இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவும் ஆசையையோ செயல்பாட்டையோ குறைக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஃபினாஸ்டெரைடு நாட்டத்தைக் குறைக்கக்கூடியது. டாம்சுலோசின் விந்து வெளியேறும் விதத்தையே மாற்றிவிடும். இரண்டு முறை இயலாமல் போன ஓர் ஆண், மூன்றாவது முறை முயன்று தோற்பதைவிடத் திருநீறு பூசிக்கொண்டு தனியே படுப்பதை மதிப்பாகக் கருதுவார். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்காது. தம் விலகலுக்கு மதிப்பான ஒரு காரணம் கிடைத்துவிட்டதில் உள்ளூர நிம்மதிதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை. ஆகவே அடைப்பு அங்கே முதலில் தெரிந்து, சில ஆண்டுகள் கழித்து இதயத்தில் தெரிவது உண்டு. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இதையும் மருத்துவரிடம் சொல்வது அவருடைய உயிருக்கே நல்லது. சிறுநீரியல் மருத்துவரிடம் போகட்டும். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, நள்ளிரவுத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் வைத்தியர்களிடம் வேண்டாம். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவராக இருந்தால், சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவில் சரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் உடலைப் பற்றியும் ஒரு சொல். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்ற அளவில் இருக்கிறது. மேலைநாடுகளில் அது 51 அளவில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து வறண்டுபோவதால் உறவின்போது வலியும் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வருவதுண்டு. வறட்சியைப் போக்கும் உயவுக் களிம்பு பலருக்குப் போதும். போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்தை மகளிர் மருத்துவர் தருவார். ஒரு காலத்தில் உங்கள் முகத்தில் வலியைக் கண்டு, அதற்கு நாம் காரணமாகிறோமே என்றே அவர் ஒதுங்கியிருக்கவும் கூடும். கேட்டால்தான் தெரியும்.

அவருடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். வயதான சிலருக்கு உள்ளம் மெய்யாகவே திரும்புகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் லார்ஸ் டோர்ன்ஸ்டாம் 1980களின் இறுதியில் இதைப் பற்றி ஒரு கோட்பாடு வகுத்தார். முதுமையில் பலருக்குப் பொருள்மீதும் மேலோட்டமான பழக்கவழக்கங்கள்மீதும் பற்றுக் குறைகிறது, மரண பயம் தணிகிறது, முன்னோரோடும் வரப்போகும் தலைமுறையோடும் ஒட்டுறவு கூடுகிறது, தனித்திருந்து சிந்திக்கும் வேட்கை வளர்கிறது என்றார். உங்கள் கணவரிடம் நிகழ்வது இதுவாகவே இருக்கலாம். இதுவாக இருந்தால் அவர் முன்பைவிடச் சாந்தமாக இருப்பார், உங்களிடம் பரிவு கூடியிருக்கும், உங்கள் ஆசையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார். சிடுசிடுப்பும் இகழ்ச்சியும் கூடியிருந்தால், நடப்பது வேறு என்று ஐயப்படுவேன்.

ஆசை இருக்கும் நெஞ்சில் பக்தி தங்காது என்பதைத்தான் தமிழ்ப் பக்தி மரபின் பெரும்பகுதி மறுக்கிறது. எண்பத்தொரு வயது வரை வாழ்ந்ததாக மரபு கூறும் அப்பர், திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் தலைவனின் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பித்தாகி, தாய் தந்தையரை விட்டு, தன்னை மறந்து அவன் தாளைச் சேரும் பெண்ணாக நின்று பாடுகிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகித் திருமாலுக்காக ஏங்குகிறார். உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பிறகு அதற்குள்ளேயே உறுபொருளைக் கண்டதாகப் பாடிய திருமூலர், கணவன் மனைவி கூட்டத்தை யோகமாகவே கொள்ளும் பரியங்க யோகத்துக்குத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினார். மதுரையில் இன்றும் இரவுதோறும் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருள்கின்றன. அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தரிசிப்பவர்களில் முதியவர்களே அதிகம். தெய்வத்துக்கு அனுமதித்ததை நமக்கு மறுத்துக்கொள்வதில் தத்துவம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. மறுபுறம், பட்டினத்தார் போன்றோர் பெண்ணுடலைப் பழித்துப் பாடியதும் இதே மரபில் இருக்கிறது. உங்கள் கணவர் கேட்கும் சொற்பொழிவுகளில் இந்தப் பாடல்கள்தான் மிகுதியாக வருகின்றனவோ என்னவோ.

பேசுவதற்குப் படுக்கையறையையோ இரவையோ தேர்ந்தெடுக்காதீர்கள். காலை நடையின்போது, அல்லது கோயிலுக்குப் போய்வரும் பேருந்தில், பக்கத்தில் அமர்ந்து நேரே முகம் பார்க்காமல் பேசுவது இந்தத் தலைமுறை ஆண்களுக்கு எளிது. "நீங்கள் என்னை விட்டுப் போனதற்கு உடம்பு காரணமா, மனசு காரணமா, சாமி காரணமா?" என்று நேராகவே கேளுங்கள், குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். விரதம்தான் என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். ஐயப்ப விரதத்துக்கே ஒரு மண்டலம் என்று வரையறை இருக்கிறது. கிறித்தவ விவிலியத்தில் பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், கணவனும் மனைவியும் இருவரும் சம்மதித்து, செபத்துக்காகச் சிறிது காலம் மட்டும் பிரிந்திருந்து பிறகு மீண்டும் கூடும்படிதான் சொன்னார். சமயங்கள் வேறானாலும், மனைவியின் சம்மதம் கேளாமல் காலவரையறையின்றி ஒருவர் தாமே விதித்துக்கொள்ளும் விலகலை விரதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அவர் விரும்பாதபோது உங்கள் விருப்பம் அவர்மீது உரிமையும் ஆகாது. உறவு என்றால் முன்பு நடந்ததுதான் என்று இருவரும் எண்ணிக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடலாம். ஒரே கட்டிலில் படுப்பதும், தழுவிக்கொள்வதும், முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவதும் இந்த வயதில் பலருக்கு முழு நிறைவு தருகின்றன.

உங்கள் தமக்கைக்கும் இதே விடைதான். அவருடைய ஏக்கம் தவறன்று. விதவை மறுமணம் சட்டப்படி செல்லும் என்று 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. அறுபதில் அதைச் செய்துகொள்ள இன்றும் துணிச்சல் வேண்டியிருக்கிறது. அவர் கணவரின் அரசுக் குடும்ப ஓய்வூதியம் பெறுபவராக இருந்தால், மறுமணம் செய்துகொண்டால் அது பொதுவாக நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும். குழந்தையில்லாத விதவைகளுக்கு மத்திய அரசு விதிகளில் விலக்கு இருக்கிறது. மறுமணம் வேண்டாம் என்றால், கோயில், பஜனை, நட்பு, பேரக்குழந்தை எல்லாம் ஆறுதல் தரும். ஆனால் தொடுகைக்கு அவற்றை மாற்று என்று சொல்லி அவரை வாயடைக்கவேண்டாம். அவர் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள்.

எல்லாம் பேசி, மருத்துவரையும் பார்த்துவிட்டு, கணவர் தெளிந்த மனத்தோடு "எனக்கு இது போதும்" என்று சொன்னால் அதை மதிக்கத்தான் வேண்டும். அப்போது உங்களுக்கு வரும் வருத்தத்தைப் பக்குவக் குறைவு என்று நீங்களே இகழ்ந்துகொள்ளாதீர்கள், ஆற நாளாகும். அறைகள் தனியாக இருந்தாலும், அவர் படிக்கும் பாடலை உங்களுக்கும் சேர்த்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், தலங்களுக்கு உங்களையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் ஆசையைப் பழித்து மட்டும் இனி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பதை அந்தப் பேச்சிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.